எதிரே வருகிறவர்

ஜப்பானிய மொழியில் ‘ஹச்சி’ என்றால் எட்டு, ‘ரோக்கு’ என்றால் ஆறு. கார் பிரியர்கள் உலகம் முழுக்கக் கொண்டாடும் ‘ஹச்சிரோக்கு’ என்ற பெயருக்குப் பின்னால் வேறு கவித்துவம் எதுவும் கிடையாது. 1983இல் டொயோட்டா வெளியிட்ட கொரோலா லெவின், ஸ்பிரிண்டர் ட்ருவெனோ என்ற இரட்டைக் கார்களின் குறியீடு ஏஇ86. அதன் கடைசி இரண்டு எண்கள்தான் பெயராகிவிட்டன. அந்தத் தலைமுறைக் கொரோலாக்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டபோது, இந்த ரகம் மட்டும் பழையபடி பின்சக்கரத்தால் ஓடியது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 130 குதிரைத்திறன். 1987 வரை தயாரித்தார்கள். அவ்வளவுதான்.

இந்தச் சாதாரணக் காரைப் பெரிய ஆளாக்கியது டிரிஃப்ட். சறுக்கலை வேண்டுமென்றே உண்டாக்கி, அதைக் கைவிடாமல் பிடித்து வைத்திருக்கும் வித்தை அது. வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தினால் காரின் பாரம் முன்சக்கரங்களுக்குப் போகும், பின்பக்கம் லேசாகும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பின் டயர்கள் பிடி விட்டு வெளியே வீசும். உடனே எதிர்ப்பக்கம் திருப்பி, எண்ணெயை அளந்து மிதித்து, கார் சுழன்றுவிடாமல் வளைவைக் கடக்க வேண்டும். பலம் குறைந்த எஞ்சினுக்கு இது சிரமம், இழந்த வேகத்தை லேசில் திரும்பப் பெற முடியாது. மலையிறக்கத்தில் அந்தக் குறையைப் புவியீர்ப்பு ஈடுகட்டிவிடும். ஜப்பானிய மலைச்சாலைகளில் இந்தக் கார் பேர் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தச் சாலைகளையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போக ஒரு தடம், வர ஒரு தடம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் தடுப்புக் கம்பி. குறுக்காகச் சறுக்கும் கார், நேராகப் போகும் காரைவிட அதிக அகலத்தைக் கேட்கும். அந்த அகலத்தைப் பெரும்பாலும் எதிர்த் தடத்திலிருந்துதான் எடுக்க முடியும். அந்தத் தடத்தில் வருகிறவரிடம் யார் கேட்டார்கள்? என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

“சட்டப்படி தப்பு, இதில் யோசிக்க என்ன இருக்கு?” என்று முடித்துவிடலாம். கெய்ச்சி சுச்சியாவின் கதை அந்தப் பதிலைச் சிக்கலாக்குகிறது. 1956இல் நாகானோவில் பிறந்தவர். மலைச்சாலைகளில் ஓட்டிப் பழகியவர். 1970களில் பந்தய ஓட்டுநர் குனிமிட்சு தகாஹாஷி சறுக்கிக்கொண்டே வளைவுகளைக் கடந்த விதம் அவரை ஈர்த்தது. 1987இல் வந்த ‘பிளஸ்பி’ வீடியோவில், மலைச்சாலையில் அவர் ஏஇ86ஐ ஓட்டிக் காட்டியது டிரிஃப்ட் பரவ முக்கியக் காரணமானது. 1995இல் அதே தகாஹாஷியோடு ஒரே காரை மாறி மாறி ஓட்டி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தங்கள் பிரிவில் வென்றார். பிறகு டி1 கிராண்ட் பிரி என்ற முறையான டிரிஃப்ட் போட்டி உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. இன்று மூடிய தடத்தில், நடுவர்கள் புள்ளி போட, பாதுகாப்பு ஏற்பாடுகளோடு நடக்கும் ஒரு விளையாட்டின் வேர், யாரையும் கேட்காமல் இரவில் எடுத்துக்கொண்ட சாலைகளில் இருக்கிறது. விளைச்சல் நல்லது என்பதால் விதைத்த விதமும் சரியாகிவிடுமா?

1976இல் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் வரையத் தஹித்திக்குப் போன கோகனைப் போன்ற ஒருவரை அவர் எடுத்துக்கொண்டார். அவர் பெரிய ஓவியர் ஆகிவிட்டால் அந்த முடிவுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. தோற்றிருந்தால் அதுவும் கிடைக்காது. அவருக்குப் பதில் எழுதிய தாமஸ் நேகல், பிரேக்கைச் சரிபார்க்காத ஒரு லாரி ஓட்டுநரைக் காட்டினார். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அவர் குற்றவாளி. வராவிட்டால் அவர் கொஞ்சம் கவனக்குறைவான ஆள், அவ்வளவுதான். அலட்சியம் இரண்டிலும் ஒன்றே.

வெற்றி பெற்றவனின் நியாயம் பாதிக்கப்பட்டவர்களின் குறையைத் தீர்த்துவிடாது என்பதை வில்லியம்ஸும் மறுக்கவில்லை. கோகனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முகம் இருந்தது. அவர்கள் அவரைக் கேள்வி கேட்க முடியும். மலைச்சாலையில் அதுவும் இல்லை. ஒரு சறுக்கல் முடிந்து பத்து நொடி கழித்து அந்த வளைவுக்கு வந்து சேர்கிறவருக்கு, தன் உயிர் பணயம் வைக்கப்பட்டதே தெரியாது. யாருக்குக் கடன்பட்டோம் என்று ஓட்டியவருக்கும் தெரியாது. விபத்து நடக்காததால் கடனே இல்லை என்று இரண்டு பேரும் வீடு போய்ச் சேருகிறார்கள்.

“திறமைசாலிப்பா, எல்லாம் அவன் கன்ட்ரோல்லதான் இருந்துச்சு” என்பது வழக்கமான பதில். கட்டுப்பாடு என்பது தெரிந்த நிலைமைகளுக்குள் மட்டும் செல்லுபடியாகும் சொல். வளைவுக்கு அந்தப் பக்கம் மணல் கொட்டியிருக்கலாம், ஈர இலைகள் கிடக்கலாம், ஒரு கார் பழுதாகி நின்றிருக்கலாம். அதோடு, சுழன்று சுழன்றுதான் சறுக்கப் பழக முடியும். இன்றைய மேதையும் ஒரு காலத்தில் கற்றுக்குட்டி. சாலையில் கற்றவர் என்றால், அவருடைய தேர்ச்சிக்கு முந்தைய இரவுகளும் அதே சாலையில்தான் கழிந்தன. அந்த இரவுகளில் எதிரே வந்தவருக்கு அவருடைய பிற்காலத் திறமையால் என்ன பயன்?

இந்தக் காரைக் காவியமாக்கியது ஷுயிச்சி ஷிகெனோவின் ‘இனிஷியல் டி’ மங்கா. 1995இல் தொடங்கி 2013 வரை தொடராக வந்தது. 2005இல் ஜே சோ நடித்து ஹாங்காங் திரைப்படமாகவும் வந்தது. கதைநாயகன் தக்குமி, அப்பாவின் தோஃபு கடைச் சரக்கை விடியற்காலையில் ஏஇ86இல் மலைமேல் கொண்டுபோய்க் கொடுப்பவன். சரக்கு உடையக்கூடாது என்பதற்காக அப்பா காருக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துவிடுவார். ஒரு சொட்டும் சிந்தாமல் ஓட்ட வேண்டும். தக்குமியின் கைத்திறன் முழுக்க அந்தக் கோப்பையிலிருந்து வந்தது.

எல்லோரும் இதைப் பயிற்சி உத்தியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஓர் அறமாகத் தெரிகிறது. பேச முடியாத, சுலபமாக உடைந்துவிடக்கூடிய இன்னொருவர் பொருளுக்காகத் தன் உடம்பின் ஒவ்வொரு அசைவையும் அளக்கக் கற்றுக்கொள்வது அது. தோஃபுவை இறக்கியபின் பையன் சீக்கிரம் வீடு திரும்ப நினைக்கிறான், வேகம் எடுக்கிறான். காருக்குள் இருந்த சரக்குக்குக் கிடைத்த அக்கறை காருக்கு வெளியே எதிர்த் தடத்துக்கு நீளவில்லை. கதையில் அது பெரிய பிரச்சினை ஆகாது. எதிரே யார் எப்போது வர வேண்டும் என்பதை அங்கே ஷிகெனோ தீர்மானிக்கிறார்.

இதைச் சொல்வதால் டிரிஃப்டின் அழகு குறைந்துவிடாது. ஒல்லியான ஒரு கார் புகை கிளப்பிக்கொண்டு பக்கவாட்டில் மிதந்து வருவதைப் பார்க்க இப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மூடிய தடத்தில் அதை ரசிக்க எனக்குத் தயக்கம் இல்லை. அங்கே ஆபத்தில் நிற்கிறவர்கள் தெரிந்தே வந்து நிற்கிறார்கள். மலைச்சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் நடுவே நான் பார்க்கும் வித்தியாசம் அந்தச் சம்மதம்தான்.

ஜப்பானில் பல மலைச்சாலைகளில் பிற்பாடு வேகத்தடைகள் போட்டார்கள், நடுக்கோட்டில் கம்பங்கள் நட்டார்கள். நல்ல சாலைகளைக் கெடுத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் புலம்புவதுண்டு. இத்தனை வருஷமாக யாரும் கருத்துக் கேட்காத ஒருவர் அந்தச் சாலையில் இருந்தார். அந்தக் கம்பங்களை அவருடைய பதிலாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.