பிறப்பைக் கேட்கும் அளவுகோல்

ஒருவர் ஆற்றிய செயலை அளப்பதா? அவர் பிறந்த விதத்தை அளப்பதா? எளிய கேள்விதான். ஆனால், நொடியைப் பத்தாகப் பகுத்து அளக்கும் ஓட்டக் களத்திலேயே இதற்குத் தவறான விடை எழுதப்பட்டது என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

1964. டோக்கியோ ஒலிம்பிக். போலந்து நாட்டு மங்கை ஐரீனா கிர்ஷென்ஸ்டைனுக்கு அகவை பதினெட்டு. நீளத் தாண்டலில் 6.60 மீட்டர் தாண்டி வெள்ளி. 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி. 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம்! தெரேசா, ஐரீனா, ஹலினா, எவா எனும் நால்வர் கோல் மாற்றி ஓடிய நேரம் 43.6 நொடி, அது உலகச் சாதனை. மறு ஆண்டு பிராகா நகரில் ஐரீனாவும் எவா குவோபுகோவ்ஸ்காவும் 100 மீட்டரை 11.1 நொடியில் ஓடி, உலகச் சாதனையை இருவருமாகப் பெற்றனர்.

1967-இல் கீவ் நகரில் எவாவின் குரோமோசோம்களைச் சோதித்தனர். ஒன்று மிகுதி என்றனர். களத்தை விட்டே விலக்கினர். அவர் மருந்து உண்டவரல்லர், எதையும் மறைத்தவருமல்லர். தாம் தேர்ந்தெடுக்காத உடலோடு பிறந்தார். அவ்வளவே அவர் குற்றம்! 1970-இல் அவருடைய சாதனைகள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. நால்வரின் சாதனையும் உடன் போயிற்று. ஓடிய கால்கள் எட்டு, சோதித்த உடல் ஒன்று, தண்டனையோ நால்வர்க்கும்!

"மகளிர் போட்டி என்றால் ஓர் எல்லை வேண்டாமா?" என்று கேட்பர். வேண்டும். அந்தக் கேள்வியை நாம் தட்டிக் கழிக்கவில்லை. ஆனால், எல்லை வகுப்போர் இரண்டை மெய்ப்பிக்க வேண்டும். மிகுதியான அந்தக் குரோமோசோம் அவருக்கு எத்துணை வேகம் தந்தது? சோதனை அதைக் கேட்கவே இல்லை. 1964-இல் இல்லாத சோதனையைக் கொண்டு 1964-இன் ஓட்டத்தை அழிப்பது எந்த நீதி? அறிவியலின் உடை உடுத்தி வருவதெல்லாம் அறிவாகிவிடாது. நுண்ணோக்கி பொய் சொல்வதில்லை. அதன் வழியே பார்ப்பவன் தவறாகக் கேட்கலாம். அனைவர்க்குமான அச்சோதனையை உலகத் தடகளக் கூட்டமைப்பு 1992-இலும், ஒலிம்பிக் குழு 1999-இலும் கைவிட்டன. 2025-இல் மரபணுச் சோதனையாக அது தடகளத்துக்குத் திரும்பி வந்தது. ஆகவே, இது பழங்கதை அன்று.

பிறப்பைக் கேட்ட இன்னொரு கை அரசின் கை. ஐரீனா யூதப் பெற்றோரின் மகள். 1968-இல் போலந்து அரசு யூதர்மீது வெறுப்பைக் கிளறிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் 13,000-க்கும் மேற்பட்டோர் குடியுரிமை இழந்து நாட்டை விட்டு வெளியேறினர். அதே 1968-இன் அக்டோபரில், மணமாகி ஷெவின்ஸ்கா என்ற பெயர் பூண்ட ஐரீனா, மெக்சிகோவில் 200 மீட்டரை 22.5 நொடியில் ஓடி, உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். அது போலந்தின் கணக்கில் ஏறிற்று!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பதக்கம் கொணர்ந்தவரின் பிறப்பு பொறுக்கப்படும். கொணராத ஆசிரியரின், மருத்துவரின், மாணவரின் பிறப்பு பொறுக்கப்படாது என்றால், அதற்குப் பெயர் உரிமையா? வென்றவர்க்கு மட்டும் வாய்க்கும் மதிப்பு சலுகை. தோற்றவர்க்கும் கிட்டுவதே உரிமை.

ஐரீனா 1970-இல் தாயானார். 1974-இல் 400 மீட்டரை 49.9 நொடியில் ஓடி, ஐம்பது நொடிக்குள் அத்தொலைவைக் கடந்த முதற் பெண்ணானார். 1976-இல், முப்பதாம் அகவையில், மாண்ட்ரியலில் 49.28 நொடி, மீண்டும் தங்கம், மீண்டும் உலகச் சாதனை. ஐந்து ஒலிம்பிக்குகள், ஏழு பதக்கங்கள். 2018-இல் மறைந்தார்.

டோக்கியோவில் நால்வரும் வென்ற தங்கத்தை ஒலிம்பிக் ஏடு நீக்கவில்லை, அது நிற்கிறது. சாதனை ஏட்டிலோ அந்த ஓட்டம் இல்லை. ஒரே ஓட்டம், ஓர் ஏட்டில் உண்டு, மற்றோர் ஏட்டில் இல்லை! செயலைப் பார்த்து எழுதியது எது, பிறப்பைப் பார்த்து அழித்தது எது என்பதைப் பகுத்தறிவாளர்க்கு விளக்கவும் வேண்டுமோ?