தபாற்காரரின் கடமையும் சமுதாயத்தின் கடனும்

பொதுமக்களுக்குச் சேவை செய்வோர் தமது வேலையை நிறுத்துவது அறமாகுமா? தொழிலாளர் போராட்டங்கள் எழும்போதெல்லாம் கேட்கப்படும் இக்கேள்வி, தபாற்காரரைப் பொறுத்தவரை மிகுந்த கூர்மை பெறுகிறது. ஆலை நின்றால் முதலாளியின் இலாபம் குறையும்; தபால் நின்றாலோ முதியவரின் ஓய்வூதியக் காசோலையும் நோயாளிக்குரிய மருந்தும் வழியிலே தங்கிவிடும் என்பர். இவ்வாதத்தை முதலாளித்துவக் கூச்சல் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. அதில் உண்மை உண்டு. அவ்வுண்மை எத்துணைத் தூரம் செல்லும் என்பதை ஐக்கிய அமெரிக்கத் தபாற்காரரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

அந்நாட்டின் நகரத் தபாற்காரருக்கு எட்டு மணி நேர வேலைநாளை உறுதிசெய்யும் சட்டம் 1888ஆம் ஆண்டில் நிறைவேறியது. மறு ஆண்டில் அவர்கள் மில்வோக்கி நகரிற் கூடித் தமக்கெனத் தேசிய சங்கம் ஒன்றை அமைத்தனர். ஆனால் சட்டம் ஏட்டில் இருந்ததேயன்றி, மேலதிக நேரத்துக்குரிய ஊதியம் கைக்கு வரவில்லை. வழக்காடி 1893இல் அதியுயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்ற பின்னரே அது கிடைத்தது. கொடுக்கப்பட்ட உரிமையையும் கேட்டுப் பெறவேண்டியிருந்தது.

இதனிலும் பெரிய சோதனை 1970இல் வந்தது. அப்பொழுது அரச ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. இன்றும் அது சட்டவிரோதமே. சம்பளம் பற்றிப் பேரம்பேசும் உரிமையும் தபாற்காரருக்கு இருக்கவில்லை. அதனைக் காங்கிரசே தீர்மானித்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் ஆண்டுக்கு 6,176 டொலர் பெற்றார். உச்சச் சம்பளமாகிய 8,442 டொலரை எட்ட அவர் 21 ஆண்டுகள் உழைக்கவேண்டும். நியூயோர்க் போன்ற நகரங்களில் முழுநேர வேலை பார்த்தவர்களிலும் சிலர், வறியோருக்கான அரச உதவிப் பணத்துக்குத் தகுதியுடையோராய் இருந்தனர். காங்கிரஸ் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளமோ 1969இல் 30,000 டொலரிலிருந்து 42,500 டொலராக உயர்ந்திருந்தது.

மார்ச் 17ஆந் திகதி நியூயோர்க் கிளைச் சங்கத்தினர் வாக்களித்தனர். 1,555 பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு. 1,055 பேர் எதிர்ப்பு. மறுநாள் தொடங்கிய போராட்டம் பல நகரங்களுக்கும் பரவி, ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரைத் தன்பால் ஈர்த்தது. ஜனாதிபதி நிக்சன் 23ஆந் திகதி படையினரை நியூயோர்க்கின் தபாற் கந்தோர்களுக்கு அனுப்பினார். கடிதங்களை வகைபிரிக்கும் நுணுக்கம் அறியாத அவர்களாற் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. எட்டு நாட்களின் பின் போராட்டம் ஓய்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் நிறைவேறிய சட்டம் கூட்டாகப் பேரம்பேசும் உரிமையை வழங்கியது. உச்சச் சம்பளத்தை எட்டும் காலம் எட்டு ஆண்டுகளாகக் குறைந்தது. வேலைநிறுத்தத் தடை மட்டும் நீடித்தது. உடன்பாடு ஏற்படாவிடின் நடுவரின் தீர்ப்புக்கு இருசாராரும் கட்டுப்படவேண்டும் என்பது விதியாயிற்று.

இவர்கள் சட்டத்தை மீறினர் என்பது மெய். அறத்தையும் மீறினரா? தபால் இன்றியமையாதது, ஆகவே அது நிற்கலாகாது என்று சமுதாயம் கூறுகிறது. இன்றியமையாத வேலையைச் செய்வோர் வறுமையில் வாடலாகாது என்பதும் அதே அடிப்படையிலிருந்து பிறக்கும் முடிபல்லவா? முன்னதைச் சட்டமாக்கிப் பின்னதை மறப்பது நீதியாகாது. மறுக்கும் உரிமையை ஒருவனிடமிருந்து பறிப்போர், அவ்வுரிமையால் அவன் பெறக்கூடியதைத் தாமாகவே கொடுக்கும் கடனை ஏற்கின்றனர். அக்கடனைத் தீர்க்காதபோது, 'சேவை' என்பது கட்டாய உழைப்புக்கு இட்ட மதிப்பான பெயராகிவிடுகிறது.

எட்டு நாள் நின்ற தபாலால் மக்கள் துன்புற்றதை யாவரும் கண்டனர். 21 ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களின் துன்பம் நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்தமையால் எவர் கண்ணிலும் படவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் நிறுத்துப் பார்ப்பது நேர்மையான நிறுவையன்று. இதனால் எல்லா வேலைநிறுத்தமும் அறமென்று நாம் கூறவில்லை. வேறு வழிகள் அடைபட்ட பின்னர் எழுவதே அறமெனத்தக்கது.

ஓய்வூதியம், மருத்துவக் காப்பு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆகியவற்றைச் 'சலுகைகள்' என்று வழங்குவதும் இத்தகைய மயக்கமே. மழையிலும் வெயிலிலும் பை சுமந்து தேய்ந்த முழங்காலுக்கு ஓய்வூதியம் அளிப்பது ஈகையன்று. முன்னரே உழைத்துப் பெற்ற ஊதியத்தின் ஒரு பகுதி பிந்திக் கைக்கு வருகிறது, அவ்வளவே.

இதே அளவுகோலைச் சங்கத்துக்கும் நாம் பிடித்துப் பார்க்கவேண்டும். 2013இல் வந்த நடுவர் தீர்ப்பினால், நகரத் தபாற்காரருக்குத் துணைவர் என்ற பெயரில் ஒரு புதிய பிரிவு தோன்றியது. அதே பை, அதே தெரு. சம்பளமோ குறைவு, நிரந்தரமாக்கப்படும்வரை ஓய்வூதியமும் இல்லை. தீர்ப்பு நடுவருடையது என்பது உண்மையே. எனினும், தமது பங்கு காக்கப்பட்டதென்று மூத்தோர் அமைதியடைவாராயின், 1970இல் தமக்காகச் சிறைக்கும் துணிந்தோரிடம் பட்ட கடனை அவர்கள் மறந்தோராவர்.

அக்கடன் முற்றாக மறக்கப்படவில்லை. 2025 ஜனவரியில், தலைவர்கள் செய்துவந்த உடன்படிக்கையை வாக்களித்தோருள் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் நிராகரித்தனர். மார்ச்சில் நடுவர் வழங்கிய தீர்ப்போ மூன்று ஆண்டுகளுக்கு முறையே 1.3, 1.4, 1.5 சதவீத உயர்வையே தந்தது. வேலையை நிறுத்த இயலாதோரின் 'இல்லை' என்ற சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டென்பதை இது காட்டுகிறது.

கடிதம் நேரத்துக்கு வரவேண்டும் என்று எதிர்பார்க்க எமக்கு உரிமையுண்டு. அதைக் கொண்டுவருபவர் மனிதராக வாழ்வதற்கு வேண்டியதைக் கொடுத்த பின்னரே அவ்வுரிமையை நாம் முழு மனத்துடன் கோர முடியும்.