தண்ணீர்ப் பந்தலில் எழுதும் பெயர்



சித்திரை பிறந்தால் தமிழர்களாகிய நமக்குத் தண்ணீர்ப் பந்தல் நினைவுக்கு வரும். நாம் வாழும் இந்த மண்ணிலும் அதே நாட்களில்தான் திஞ்ஜான் நீர்த் திருவிழா. மரத்தடியிலும் வழியோரத்திலும் சிறு கூரை வேய்ந்து, மண்பானைகளில் நீர் நிரப்பி, மூடியின் மேல் ஒரு குவளையும் வைத்துவிடுவது பர்மியப் பெருமக்களின் பழைய வழக்கம். அந்தப் பானைகளில் பல நமது த்வாண்டேயின் குயவர் சூளைகளில் வெந்து ஊர் ஊராகப் போனவை. வழிப்போக்கர் வருகிறார், மூடியைத் திறந்து மொண்டு குடிக்கிறார், தாகம் தீர்ந்து போகிறார். இது எங்கே எடுத்த நீர், எப்போது ஊற்றிய நீர் என்று அவர் கேட்பதில்லை.

அவர் கேட்கவில்லை என்பதிலேயே ஒரு தர்மக் கேள்வி இருக்கிறது. கேட்காமல் குடிப்பவருக்குக் கொடுப்பவர் எவ்வளவு கடமைப்பட்டவர்? தண்ணீரைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததா? அல்லது அங்கேதான் தொடங்குகிறதா?

த்வாண்டே நீர் சூழ்ந்த ஊர். ரங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்கும் கால்வாய் ஊரை ஒட்டியே ஓடுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் நீரெல்லாம் குடிநீர் ஆகாது. ஆற்றில் கடலின் ஏற்ற வற்றம் உண்டு. கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்ப்பு. ஆகவே மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையைக் குளத்தில் தேக்கி, சுற்றிலும் வேலி கட்டி, யாரும் குளிக்கவோ துவைக்கவோ விடாமல் காத்துக் குடிப்பது இந்த டெல்டாவின் முறை. கோடையில் குளம் வற்றினால் வண்டியில் நீர் கொண்டுவந்து தானம் செய்யும் நல்லவர்களை எதிர்பார்த்து மக்கள் குடத்தோடு நிற்கிறார்கள். 2008 மே மாதத்தில் நர்கீஸ் புயல் அடித்தபோது கடல்நீர் ஏறி டெல்டாவில் எத்தனையோ குடிநீர்க் குளங்கள் உப்பாகிப் போனதை யாரும் மறந்திருக்க முடியாது.

இத்தகைய இடத்தில் ஒரு கோயிலோ சங்கமோ குழாய்க்கிணறு இறக்கி, தொட்டி கட்டி, தெருவுக்குக் குழாய் விட்டால் அது பெரும் புண்ணியம். அதில் ஐயமில்லை. ஆனால் திறப்பு விழா முடிந்து, மாலைகள் வாடிய பிறகு, அந்தத் தொட்டியின் உள்ளே எட்டிப் பார்ப்பவர் யார்?

“நல்ல மனத்தோடு கொடுத்தோம்; மற்றதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான்” என்று சொல்வோர் உண்டு. தானத்திற்கு மனமே முதல் என்பது உண்மை. ஆனால் மனம் மட்டும் போதுமா என்பதற்கு நம் பக்கத்து நாடாகிய வங்காளதேசத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே குளத்து நீரால் வாந்திபேதி பரவிக் குழந்தைகள் மடிந்தன. அதைத் தடுப்பதற்காக 1970-களில் இருந்து யுனிசெஃப் முதலிய நிறுவனங்களின் உதவியோடு கிராமம் கிராமமாகக் குழாய்க்கிணறுகள் இறக்கப்பட்டன. நீர் தெளிவாக இருந்தது, கிருமியும் குறைவு. மக்கள் மகிழ்ந்தனர். 1993-இல்தான் அந்தக் கிணறுகளில் ஆர்செனிக் என்னும் பாஷாணம் இருப்பது அங்கே உறுதியாயிற்று. யாரும் கலந்ததல்ல, இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டல் மண்ணிலேயே இருந்தது. 3.5 கோடி முதல் 7.7 கோடி மக்கள் வரை அந்த நஞ்சுக்கு ஆளாகும் நிலையில் இருந்ததாக 2000-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஆய்வாளர்கள் எழுதினர். வரலாற்றிலேயே ஒரு மக்கள் கூட்டம் நஞ்சுக்கு ஆளான மிகப் பெரிய நிகழ்ச்சி இதுவே என்றும் கூறினர்.

கொடுத்தவர்கள் கெட்டவர்களா? இல்லை. கருணையால் கொடுத்தவர்கள். ஆனாலும் பல ஆண்டுகள் குடித்தவர்களின் உள்ளங்கை தடித்தது, தோலில் கறுப்புப் புள்ளிகள் படர்ந்தன, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. கருணை இருந்தது, சோதனை இல்லை. நமது ஐராவதி டெல்டாவும் ஆறு கொண்டுவந்த வண்டலால் ஆனதே. இங்கும் சில பகுதிகளின் குழாய்க்கிணறுகளில் ஆர்செனிக் கண்டறியப்பட்டுள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பாஷாணம் போகாது. படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும். கிருமியே முழுதும் ஒழிந்துவிடாது. ஆகவே “தெளிவாக இருக்கிறது, நானே குடிக்கிறேன்” என்பது சான்று ஆகாது.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அறியவே முடியாத காலத்தில் நேர்ந்த தீங்கு வேறு. அறிய வழி இருந்தும் பாராமல் விட்டதால் நேரும் தீங்கு வேறு. கிளிஃபர்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1877-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கப்பல் முதலாளியின் கதையைச் சொல்கிறார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டுமோ என்று அவருக்கே சந்தேகம். ஆனால் “இத்தனை முறை போய் வந்ததே, இறைவன் காப்பான்” என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, மனமார நம்பி, பயணிகளை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் நம்பியது பொய்யல்ல. ஆனால் அப்படி நம்பும் உரிமை அவருக்கு இல்லை என்பதே அறிஞரின் தீர்ப்பு. கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்றும் சொல்கிறார்.

இது வெறும் கதையல்ல என்பதைக் கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூர் காட்டியது. சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஊர். 2000 மே மாதத்தில் பெருமழை பெய்து, மாட்டுச் சாணத்தின் கிருமி ஆழமில்லாத ஒரு கிணற்றில் இறங்கியது. குளோரின் போதிய அளவு கலக்கப்படவில்லை. ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். பின்னர் நடந்த நீதி விசாரணையில், நீர் வழங்கும் பொறுப்பில் இருந்தவர்கள் பல ஆண்டுகளாகக் குளோரின் அளவை அளக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதி வந்தது தெரிந்தது. சோதனைச் சாலையிலிருந்து கெட்ட முடிவு வந்த பின்னும் சுகாதார அலுவலகத்திடம் சொல்லாமல் நாட்களைக் கடத்தினர். அவர்கள் ஊரைக் கெடுக்க நினைத்தவர்கள் அல்லர். தங்கள் ஊர் நீர் நல்லது என்று நம்பி, மருந்து கலவாத அதே நீரைத் தாங்களும் குடித்து வந்தவர்கள். அந்த நம்பிக்கையே ஊருக்குப் பகையாயிற்று.

“தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே” என்பது நம் பழமொழி. கோயிலில் கொடுத்த நீரைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், கொடுத்தவரை அவமதித்ததாக எண்ணும் மனநிலை நம்மிடம் உண்டு. ஆனால் சோதிப்பது பழிப்பது ஆகுமா? குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளியவைத்த நம் முன்னோர், நீரைப் பழித்தவர்களா? கைக்குழந்தைக்கு வெந்நீர் ஆற்றும் தாய், விரலால் சூடு பார்த்த பிறகே புகட்டுகிறாள். பார்ப்பதும் அன்பின் ஒரு பகுதிதான்.

பெரியபுராணத்தில் வரும் அப்பூதி அடிகளை நாம் அறிவோம். திங்களூரில் அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் தம் பெயரை வைக்கவில்லை. தாம் கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை வைத்தார். புகழுக்காக வைத்த பெயரல்ல அது. தம் உயிரினும் மேலாக மதிக்கும் ஒருவர் பெயரை ஒரு பந்தலில் எழுதிய பின், அங்கே பாசி படிந்த பானையை வைக்க மனம் வருமா? பெயர் எழுதுவது உரிமையைக் காட்டுவதன்று, பிணை நிற்பது என்று அடியேன் எண்ணுகிறேன்.

இனிக் கடினமான கேள்வி ஒன்று. சோதித்துப் பார்த்து, நீர் கெட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? வேறு நீரே இல்லாத ஊரில் குழாயை மூடினால் மக்கள் அழுக்குக் குளத்துக்குத்தான் போவார்கள். சொல்லாமல் இருந்தால் நஞ்சைக் கொடுத்தவர் ஆவோம். வங்காளதேசத்தில் கெட்ட குழாய்க்கிணறுகளுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினர். சிவப்புக் கிணற்று நீர் துவைக்கவும் கழுவவும் உதவும்; குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆகாது. உண்மையைச் சொல்லி, பயன்பாட்டைப் பிரித்து, மாற்றுக்கு வழி தேடுவதே தர்மம். வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. கிருமி என்றால் கொதிக்க வைக்கலாம். தொட்டியைக் கழுவி அளவறிந்து குளோரின் கலக்கலாம். மண்ணோடு உமி கலந்து சுட்டு, வெள்ளிக் கரைசல் பூசிய வடிகட்டிப் பானை, நர்கீஸுக்குப் பின் இந்த டெல்டாவில் பல குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஆர்செனிக், உப்பு என்றால் அந்தப் பானையும் போதாது. கூரை மழைநீரைத் தேக்க வேண்டும், அல்லது வேறு ஊற்றுக்குப் போக வேண்டும். எந்தக் குறை என்று தெரியாமல் எந்த மருந்தும் இல்லை. அதனால்தான் சோதனை முதலில் வருகிறது.

செலவு ஆகுமே என்பார்கள். ஆகும். ஆனால் திறப்பு விழாவுக்குப் பந்தலும் மேளமும் விருந்தும் வைக்க நம்மால் முடிகிறது. அதில் ஒரு பங்கை எடுத்து வைத்தால், மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் சோதனைச் சாலைக்கு நீர் அனுப்பலாம். தொட்டி மூடியைச் சீர் செய்யலாம். ஓர் இளைஞருக்குக் குளோரின் அளக்கப் பழக்கலாம். புதிய குழாய் ஒன்றுக்குப் பணம் தருபவர்கள் பலர். பழைய குழாயைக் காக்கப் பணம் தருபவர்கள் சிலரே. ஏனென்றால் காப்பதற்குக் கல்வெட்டு இல்லை.

ஆகவே ஒரு சிறு விண்ணப்பம். இனி எந்தக் குடிநீர்க் குழாயிலும் தொட்டியிலும் உபயதாரர் பெயரை எழுதும்போது, அதன் கீழே ஒரு வரிக்கு இடம் விடுவோம். கடைசியாக நீரைச் சோதித்த தேதியையும், முடிவு நல்லதா கெட்டதா என்பதையும் அந்த இடத்தில் எழுதுவோம். சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாலும் போதும். அழித்து அழித்து எழுத வேண்டிய வரி அது. மேலே இருக்கும் பெயர் ஒரு நாள் செய்த தானத்தைச் சொல்லும். கீழே இருக்கும் தேதி, அந்தத் தானம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்லும்.

கேட்காமல் குடிக்கும் அந்த வழிப்போக்கர் நம்மீது வைத்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையவர்களாக இருக்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.