மதுராந்தகத்தில் நின்ற பயணம்

எழும்பூரிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் கார்டு லைனில் 336 கிலோமீட்டர். விரைவு வண்டி ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் வந்துவிடும். அந்தத் தடத்தில் எஞ்சின் ஓட்டியே வயதானவன் நான். கொள்ளிடப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியும்போதெல்லாம், காஞ்சியிலிருந்து ராமானுஜர் நடந்து வந்து, காலம் தாழ்ந்து சேர்ந்த கதைதான் மனதில் ஓடும்.

வைணவ ஆசாரியர் ஆளவந்தார் ஸ்ரீரங்கத்தில் நோயுற்றிருக்கிறார். தமக்குப் பின் தரிசனத்தை நடத்த ராமானுஜரைக் காஞ்சியிலிருந்து அழைத்துவரும்படி தம் சீடர் பெரிய நம்பியை அனுப்புகிறார். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும் போகப் பத்து நாள், வரப் பத்து நாள். இன்று உடம்பு முடியவில்லை என்ற செய்தி நொடியில் போய்விடுகிறது, ஆள்தான் பின்னால் வர வேண்டும். அன்று செய்தியும் நடந்தே போனது. காஞ்சியில் பெரிய நம்பி ஆளவந்தாரின் ஸ்தோத்ர ரத்னத்தைச் சொல்லி நிற்கும்போதே, அவர் விட்டுவந்த நோயாளியின் நிலை பத்து நாள் பழையதாகிவிட்டது.

இருவரும் வந்து சேர்ந்தபோது ஆற்றங்கரையில் கண்டது ஆளவந்தாரின் சரமத் திருமேனியை. மடங்கியிருந்த மூன்று விரல்கள், ராமானுஜர் சபதம் சொல்லச் சொல்ல நிமிர்ந்ததை எல்லா உபன்யாசத்திலும் கேட்கலாம். அடுத்து நடந்ததைத்தான் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். ராமானுஜர் பெருமாளைச் சேவிக்காமலே காஞ்சிக்குத் திரும்பிவிட்டார். ஒரு நாள் கூட்டித்தராத அரங்கன்மேல் அவ்வளவு கோபம்.

எல்லாம் அவன் திருவுள்ளம் என்பார்கள். என் அப்பா போனபோது நான் விழுப்புரத்தில் டியூட்டியில் இருந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. அன்று என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. திருவுள்ளம் என்றால் அந்தக் கோபமும் அவன் திருவுள்ளம்தானே? பின்னாளில் சரணாகதியை ஊரறியச் சொன்னவர் அன்று முகம் திருப்பிக்கொண்டு போனார். குருபரம்பரை அதை மறைக்கவில்லை. நாம் ஏன் பூசி மெழுக வேண்டும்?

ஒருவரிடம் இருந்து கேட்டிருக்க வேண்டியதை ராமானுஜர் பிறகு ஆளவந்தாரின் சீடர்கள் ஐந்து பேரிடம் தேடித் தேடிக் கேட்டார். அவர்களில் ஒருவரைத் தேடித் திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்தார். ராமாயணத்துக்காகத் திருமலை நம்பியிடம் போனார். சம்பிரதாயம் இதனால் செழித்தது என்பது உண்மை. அதைக் காட்டி, தாமதம் நல்லதற்கே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளவந்தார் முகம் பார்த்துக் கேட்கும் ஒரு வார்த்தைக்கு அதெல்லாம் ஈடில்லை. அந்தத் தாமதத்திலிருந்து ராமானுஜர் கற்றுக்கொண்டதை நான் பார்ப்பது, இதற்கெல்லாம் முன்பே, மதுராந்தகத்தில். செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே எங்கள் தடத்தில் வரும் ஊர்.

கோபித்துக் காஞ்சிக்குத் திரும்பிய ராமானுஜர் பின்பு மறுபடி ஸ்ரீரங்கம் புறப்பட்டிருந்தார். அவரைத் தேடிப் பெரிய நம்பியும் காஞ்சிக்குக் கிளம்பியிருந்தார். எதிரெதிரே வந்த இருவரும் ஏரிகாத்த ராமர் கோயிலில் சந்தித்தார்கள். காஞ்சிக்குப் போய்ப் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சையைச் செய்துகொள்ளலாமே என்றார் நம்பி. ஆளவந்தார் விஷயத்தில் நடந்ததைச் சொல்லி ராமானுஜர் மறுத்துவிட்டார். காஞ்சி அங்கிருந்து இரண்டு நாள் நடைதான். அந்த இரண்டு நாளைக்கூட நம்ப அவர் தயாராயில்லை. அங்கேயே மகிழ மரத்தடியில் தீட்சை நடந்தது. அதன் பிறகே இருவரும் காஞ்சிக்கு நடந்தார்கள்.