பெயரும் பேரனும்

சென்னையில் புடவை வாங்கப் புறப்படுகிறவர்கள் கண்டக்டரிடம் "தி. நகர்" என்று சொல்லி டிக்கட் வாங்குகிறார்கள். அந்த 'தி' ஒரு மனிதர் என்ற நினைப்பு எத்தனை பேருக்கு வருகிறது? 1916-ல் தோன்றி, பின்னால் நீதிக்கட்சி என்று பெயர் பெற்ற ஸ்தாபனத்தை நிறுவியவர்களில் ஒருவர் பிட்டி தியாகராய செட்டியார். 1920-ல் முதல் மந்திரி பதவி தம்மைத் தேடி வந்தபோது வேண்டாம் என்று ஒதுங்கியவர். 1925-ல் காலமானார். பதவியை மறுத்தவருக்கு ஒரு பேட்டையையே கொடுத்தார்கள். பேட்டை வளர்ந்து அவரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டது.

அதே பேட்டையில்தான் பாண்டி பஜார் இருக்கிறது. பாண்டிச்சேரிக்கும் அதற்கும் ஏதோ உறவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனாரின் பெயர். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டவரும் அவரே. இன்று பாண்டி பஜாருக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன ஜாதி என்று யாரும் விசாரிப்பதில்லை. பெயருக்கு உரியவர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. இதை நன்றி மறந்த செயல் என்று ஒரு நண்பர் கோபிக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதர் வேண்டியது அந்த இடந்தானே தவிர, பெயர்ப்பலகை அல்லவே!

ஆனால் இந்தச் சமாதானம் செயல் செய்தவர்களுக்குத்தான் செல்லும். ஊருக்கென்று ஒன்றும் செய்யாமல், பிழைத்து, பிள்ளைகளை வளர்த்து, மறைந்துபோகிற கோடிக்கணக்கானவர்களின் கதி என்ன? அவர்களுக்குத் தெருவும் இல்லை, பூங்காவும் இல்லை. அவர்களுக்காகத்தான் நம் முன்னோர் வீட்டுக்குள்ளேயே ஒரு வழி கண்டார்கள். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் அவன்.

என் தகப்பனார் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் பெயர் என் மகனிடம் இருக்கிறது. கணவன் பெயரை வாயால் சொல்லி அறியாத என் தாயார் அவனைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு சமயம் பாங்கில் கணக்குத் திறக்கப் போனபோது குமாஸ்தா, "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அம்மா சற்றுத் திகைத்தாள். பிறகு பேரனைப் பார்த்து, "உன் பேரைச் சொல்லுடா, குட்டி" என்றாள். குமாஸ்தா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். வீடு திரும்பும் வழியெல்லாம், "தாத்தா எப்படி இருப்பார், பாட்டி?" என்று பையன் துளைத்தெடுத்தான். மூக்குப்பொடி முதல் முன்கோபம் வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நாள் முழுதும் ஆயிரம் வாய்கள் உச்சரிக்கும் பெயர் மறந்துபோகிறது. வாய்விட்டுச் சொல்லப்படாத பெயருக்கு இவ்வளவு ஞாபகம்!

தெருப் பையன்களுக்கு அந்த மரியாதையெல்லாம் இல்லை. சாயங்காலம் வாசலில் வந்து நின்றுகொண்டு, அந்தப் பெயரோடு ஒரு 'டேய்' சேர்த்துக் கத்துகிறார்கள். எனக்கு முதலில் சுருக்கென்றது, அதட்டக்கூட எழுந்தேன். அம்மா கையமர்த்தினாள். இப்போதும், அவர்கள் கூப்பிடும்போது, பையனுக்கு முன்னால் அவள்தான் திரும்பிப் பார்க்கிறாள்.