அரமும் அறிவும்

அறிவு நூலிலே உள்ளது. கை அதனை நிறைவேற்றும் கருவி மட்டுமே. இவ்வெண்ணம் கல்விக்கூடங்களில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. மூளையாற் செய்யும் தொழில் உயர்ந்தது, கையாற் செய்யும் தொழில் தாழ்ந்தது என்னும் சமுதாய ஏற்றத்தாழ்வு இவ்வெண்ணத்தின் மறுபக்கம். ஒன்றை விட்டு மற்றொன்றை ஒழித்தல் இயலாது. உழைப்பாளரை மதிக்கிறோம் என்று மேடையிற் கூறிவிட்டு, அவர்களுடைய அறிவை அறிவென்று ஏற்க மறுப்போமானால், அம்மதிப்பு வெறும் உபசார வார்த்தையாகவே முடியும்.

இப்பிரச்சினையை மிகச் சாதாரணமான ஒரு வேலையைக் கொண்டு ஆராயலாம். மரம் வீழ்த்தப் பயன்படும் சங்கிலி வாளின் பற்களை அரத்தால் அராவிக் கூராக்குவதே அவ்வேலை. வட அமெரிக்காவின் பசுபிக் கரையோரத்திலும் ஏனைய வன நாடுகளிலும் பல்லாண்டுகள் மரத்தோடு போராடிப் பழகிய தொழிலாளர் பலர், இவ்வேலையைச் செய்து காட்டும் காணொளிகளை இன்று இணையத்தில் வெளியிட்டு வருகின்றனர். முன்பின் அறியாத எவரும் கட்டணமின்றி அவற்றைக் கண்டு கற்கலாம். இங்கே மூன்று வினாக்கள் எழுகின்றன. அவர்கள் தருவது அறிவா? அதனைக் காட்சியாற் கைமாற்ற முடியுமா? பெற்றுக்கொள்பவன் யாருக்கு, எவ்வகையிற் கடன்பட்டவன்?

முதலில் அவ்வேலையின் இயல்பை நோக்குவோம். சங்கிலியில் வெட்டும் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்திருக்கும். ஒவ்வொரு பல்லையும், அதன் அளவுக்கேற்ப நான்கு முதல் ஐந்தரை மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள உருண்டை அரத்தால், பெரும்பாலும் 30 பாகைச் சாய்வில், உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி அராவ வேண்டும். அரம் முன்னே தள்ளும்போதே தின்னும். இழுக்கும்போது பல்லைத் தொடாமல் தூக்கிவிட வேண்டும். அதன் விட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேற்றளத்துக்கு மேலே தெரிதல் வேண்டும். எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் அமைதல் வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் நீண்டோ கூர்மை மிகுந்தோ இருப்பின், வாள் நேரே இறங்காது வளைந்து செல்லும்.

இவ்வளவும் செய்து கூராக்கிய பின்னரும் வாள் வெட்டாமற் போகலாம். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறிய முனைப்பொன்று நிற்கிறது. பல் மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுவே. பல சங்கிலிகளில் அம்முனைப்பு பல்லின் நுனியை விட ஏறக்குறைய 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லின் மேற்றளமோ பின்னோக்கிச் சரிந்தது. ஆதலால் அராவ அராவப் பல் குறுகுவதோடு தாழ்ந்தும் போகிறது. முனைப்பை அதற்கேற்பத் தாழ்த்தாவிடின், எவ்வளவு கூர்மையான பல்லும் மரத்தைத் தடவிச் செல்லுமேயன்றி வெட்டாது. அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டாலோ, பல் மரத்தை மூர்க்கமாகக் கவ்வும். அலகின் நுனி ஏதேனுமொன்றிற் படும்போது வாள் தொழிலாளியின் முகத்தை நோக்கி உதைத்தெழும் அபாயமும் பெருகும். கூர்மை மட்டும் போதாது. கூர்மைக்கும் அதனைக் கட்டுப்படுத்தும் அளவுக்குமுள்ள உறவே வெட்டாகிறது. இது தத்துவ நூலொன்றில் எழுதப்பட்டிருந்தால் அறிவென்று போற்றுவோம். அரம் பிடித்த கையில் இருப்பதனால் மட்டும் அது பழக்கம் என்று பெயர் பெறுதல் நியாயமா?

இச்சங்கிலியின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. முன்னைய சங்கிலிகள் பழைய நெடுவாளின் பற்களைப் பின்பற்றி அமைந்தவை. அவற்றை அராவுவதிலேயே வேலை நேரத்தின் பெரும்பகுதி கழிந்தது. 1946ஆம் ஆண்டில், ஒறிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் கொக்ஸ் என்பவர், மரக்கட்டையைக் குடைந்து செல்லும் வண்டின் புழுவொன்றைக் கூர்ந்து நோக்கினார். அப்புழு தன் தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து, மரநாரின் போக்கிலும் அதற்குக் குறுக்காகவும் தடையின்றித் தின்று சென்றது. அவ்வியக்கத்தை உருக்கில் அமைத்தார் கொக்ஸ். இன்று உலகெங்கும் வழங்கும் சங்கிலிப் பல் அவ்வாறு பிறந்தது. ஆய்வுக்கூடம் அதனைத் தரவில்லை. உழைப்பின் நடுவே விழித்திருந்த ஒரு கண் தந்தது. அடுத்த ஆண்டில் அவர் போர்ட்லண்ட் நகரில் ஒரு கம்பனியை நிறுவினார். தொழிலாளியின் கண்டுபிடிப்பு தனியுடைமையாகி, விற்பனைச் சரக்காயிற்று. அறிவு பிறக்கும் இடம் ஒன்று, அதன் பயன் சென்று சேரும் இடம் வேறொன்று என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

தத்துவ அறிஞர்களும் இவ்வுண்மையைக் காலந் தாழ்த்தியேனும் ஒப்புக்கொண்டனர். ஒன்று இன்னதென அறிதல் வேறு, ஒன்றைச் செய்ய அறிதல் வேறு. பின்னையது முன்னையதன் நிழலன்று என 1949இல் வெளிவந்த நூலொன்றில் வாதிட்டார் கில்பேட் றைல். மனிதன் சொல்லக்கூடியதை விட அதிகமாக அறிந்திருக்கிறான் என்னும் கருத்தை மைக்கல் பொலன்யி 1958ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் விரித்துரைத்தார். அதற்கு முன்பே, சீனத்து ஞானியான சுவாங் சுவின் பெயரால் வழங்கும் பழைய நூலில், சக்கரம் செய்யும் தொழிலாளி ஒருவன் நூல் படித்துக்கொண்டிருந்த பிரபுவிடம் இதே வினாவை எழுப்புகிறான். கையின் நிதானத்தைத் தன் சொந்த மகனுக்கே தன்னாற் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. அவ்வாறாயின் இறந்துபோன ஞானிகள் நூலில் விட்டுச் சென்றது சக்கையேயன்றி வேறென்ன என்பது அவன் வாதம்.

இவ்வாதம் வலுவானது. எனினும் இதனை முற்றாக ஏற்பதும் ஆபத்தானது. கையறிவு கைமாற்ற முடியாத மர்மம் என்று முடிவு கட்டினால், அது பிறப்போடு வருவது, குலத்தோடு வருவது என்று கூறுவோருக்கு வாயில் திறந்துவிட்டவர்களாவோம். உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. காணொளி எதனைத் தரவல்லது? அரம் நிற்கும் சாய்வைத் தரும். உடல் நிற்கும் நிலையைத் தரும். அராவும் ஓசை மாறுவதைச் செவிக்குத் தரும். வல்ல தொழிலாளி ஒருவன், தான் செய்வதற்குக் காரணத்தையும் கூறுவானாயின், அக்காரணத்தையும் தரும். எதனைத் தரவியலாது? அரம் உருக்கைப் பற்றும்போது விரலில் எழும் உணர்வைத் தராது. எல்லாவற்றுக்கும் மேலாக, கற்பவனின் தவறு கற்பிப்பவனின் கண்ணிற் படுவதில்லை. பட்டறையில் குரு சீடனின் முழங்கையைத் தொட்டுத் திருத்துவார். திரையிலுள்ள குரு திருத்தமாட்டார்.

அவ்வாறாயின் திருத்துபவர் யார்? மரமே திருத்துகிறது. சரியாக அராவிய சங்கிலி மரத்திலிருந்து சீவல்களை வாரியெறியும். மழுங்கிய சங்கிலி மாவு போன்ற தூளையே உதிர்க்கும். கூரிய வாள் தானாக இறங்கும். மழுங்கியதை அழுத்த வேண்டும். தூளை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பவன் தன் தேர்வுத்தாளைத் தானே வாசிக்கிறான். இத்தேர்வாளரிடம் சலுகையில்லை, சிபாரிசில்லை. குலமும் பட்டமும் செல்லாது. நடைமுறையே உண்மையின் உரைகல் என்னும் கோட்பாட்டுக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், இவ்வறிவு ஏன் இத்தனை காலம் மூடிக் கிடந்தது என்பதையும் கேட்டல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பாவிற் கைத்தொழில்கள் மர்மங்கள் என்றே அழைக்கப்பட்டு, தீட்சை பெற்றவரையன்றிப் பிறரை அணுகவிடாதிருந்தன என்பதை 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். அமெரிக்க மரக் கூடாரங்களிலும் நெடுவாள் அராவுபவன் தனித் திறமையுள்ளவனாக மதிக்கப்பட்டான். தன் நுணுக்கங்களை எளிதில் வெளியிடவுமாட்டான். இதனைத் தன்னலம் என்று கண்டிப்பது எளிது. தொழிலாளியின் நிலையில் நின்று நோக்கினால், தன் உழைப்பைப் பேரம் பேசுவதற்கு அவனிடம் இருந்த ஒரே பலம் அந்த இரகசியமே என்பது புலனாகும். 1911இல் பிரெட்றிக் ரெய்லர் வகுத்த 'விஞ்ஞான முகாமை', தொழிலாளரிடம் பரம்பரையாகத் திரண்டிருந்த அறிவையெல்லாம் நிர்வாகம் திரட்டி விதிகளாக்கிக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறிற்று. கையிலிருந்து அறிவைப் பிரித்தெடுத்த பின் கையை மலிவாக வாங்கலாம். இச்செய்கையின் விளைவை 1974இல் விரிவாக ஆராய்ந்த ஹரி பிறேவர்மன், தாமே செப்புத் தொழில் பழகியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே, அறிவைத் திறந்து வைப்பது எப்போதும் நன்மை என்று பொதுவாகக் கூறிவிட முடியாது. யாருக்காக, யார் திறக்கிறார் என்பதே கேள்வி. ரெய்லர் திறந்தது முதலாளிக்காக. அதற்கு மாறான மரபும் உண்டு. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தை 1751 முதல் வெளியிட்ட டிடரோ, லாங்கர் நகரத்துக் கத்திசெய் வினைஞர் ஒருவரின் மகன். பட்டறைகளுக்குச் சென்று வினைஞரை வினவியறிந்து, கருவிகளையும் கை நிலைகளையும் படத் தகடுகளாக அச்சிடுவித்தார். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் பாதுகாக்கப்பட்ட காடுகளில் இயந்திர வாளைத் தடை செய்ததனால், பழைய நெடுவாளுக்கு அங்கு மீண்டும் தேவை இருந்தது. வாள் அராவுவதில் வல்லவரான வோறன் மில்லர் எழுதிய கைந்நூலை 1977இல் அரச வனத்துறை வெளியிட்டது. ஒரு கையோடு மறைந்திருக்கக் கூடிய அறிவு பொதுச் சொத்தாயிற்று. இன்றைய காணொளித் தொழிலாளர் இம்மரபின் வாரிசுகளே. அவர்களை எந்த நிர்வாகமும் வினவவில்லை. தாமே பேசுகின்றனர், தம்மைப் போன்ற உழைப்பாளரை நோக்கிப் பேசுகின்றனர்.

குருவை நேரிற் காணாமற் கற்றவனுக்கு நம் மரபு தந்த பெயர் ஏகலைவன். மண்ணுருவத்தின் முன் நின்று வில் பழகிய அவ்வேடனிடம் கேட்கப்பட்ட காணிக்கை, கற்ற வித்தையையே பயனற்றதாக்கும் கட்டைவிரல். இன்றைய மரத் தொழிலாளர் விரல் கேட்கவில்லை. எனினும் காணிக்கை வாங்குவோர் இல்லாமலில்லை. காட்சிகளைத் தாங்கி நிற்கும் பெரும் நிறுவனங்கள் அவற்றின் இடையே விளம்பரம் விற்று இலாபம் ஈட்டுகின்றன. உழைப்பாளி உழைப்பாளிக்குத் தந்த கொடையிலும் இடைத்தரகர் பங்கு கொள்கின்றனர். கொடையின் மேன்மையைப் பாராட்டும்போது இச்சுரண்டலை மறைத்தல் தகாது. சுரண்டலைச் சொல்லும்போது கொடையைச் சிறுமைப்படுத்தலும் தகாது.

கற்பவனின் கடன் என்ன என்பதற்கு இப்போது விடை கூறலாம். நன்றி கூறுவது முதற்படி மட்டுமே. இவ்வித்தை உயிரோடு தொடர்புடையது. மழுங்கிய சங்கிலி தொழிலாளியை வாளோடு போராட வைக்கிறது. களைத்த கையே தவறு செய்யும். வாளின் அதிர்வு ஆண்டுக்கணக்கில் கையைத் தாக்கும்போது விரல்கள் வெளிறி உணர்விழக்கும் நோய் வருகிறது; மழுங்கிய பல் அவ்வதிர்வை மிகுவிக்கிறது. காணொளி கண்டு அரைகுறையாகப் பழகியவன் முனைப்பைத் தாழ்த்தித் தந்த வாள், அதனை நம்பி எடுக்கும் மற்றொருவனின் முகத்தில் உதைக்கலாம். ஆதலின், கண்டதைக் கற்றதாகக் கருதாதிருத்தல் அவனுடைய முதற் கடன். சீவலைக் கொண்டு தன்னைச் சோதித்தல் இரண்டாவது. தான் பெற்றதை, காரணங்களோடும் எச்சரிக்கைகளோடும், அருகிலிருக்கும் மற்றொரு கைக்குத் தருதல் மூன்றாவது. தந்தவனுக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லாத கடனை அடுத்தவனுக்குக் கொடுத்தே தீர்க்க வேண்டும்.

வள்ளுவர் அறிவின் கூர்மைக்கு உவமை தேடியபோது அரத்தையே எடுத்தார் என்பதும், அக்கூர்மையினும் மேலானதாக மனிதப் பண்பை வைத்தார் என்பதும் நாம் அறிந்தனவே. ஆசிரியர்களும் மாணவர்களும் அவ்வுவமையைப் பொருள் கூறித் தேர்வெழுதி வந்திருக்கிறோம். அரம் எத்திசையில் தின்னும் என்று எத்தனை வகுப்பறைகளில் கேட்கப்பட்டது? காரணங் கூறிக் கற்பித்தல், மாணவனின் தவறு அவனுக்கே தெரியும்படி வேலையை அமைத்தல், கற்றதைப் பதுக்காதிருத்தல் ஆகிய மூன்றையும் காட்டிலே உழைப்பவர் தம் தொழிலிற் செய்து காட்டுகின்றனர். அவர்களிடம் பாடங் கேட்பதற்கு நம் கல்விக்கூடங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் கைத்தொழிலுக்கு ஒதுக்கும் நேரத்தைப் பின்தங்கிய மாணவருக்குரிய ஆறுதலாகக் கருதும் வழக்கத்தை ஒழிப்பதிலிருந்து அப்பாடம் தொடங்கலாம்.