காப்புக் கட்டிய மைதானம்

ஊரில் ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கினால் முதலில் நிற்பது பிள்ளைகளின் விளையாட்டுதான். சந்தை மூடுவதற்கு முன், கல்யாணம் தள்ளிப்போவதற்கு முன், கொழுந்து நிறுவை நிற்பதற்கு வெகு முன்னரே கோல் கம்பத்திலிருந்து வலை கழற்றப்பட்டுவிடும். விளையாட்டு மிச்ச நேரத்துக் காரியம், அது நின்றால் யாருக்கும் நட்டமில்லை என்ற நினைப்பு நமக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. இலங்கை மலையகத்து றொசல்லயில் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு பந்தையும் சொல்லிக்கொடுத்தவன் நான். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியிலும் இருக்கிறேன். இந்த நினைப்பு சமய அறத்துக்கு முன்னால் நிற்குமா என்று பார்க்க வேண்டிய கடமை எனக்கு உண்டு. நோய் வந்தால் ஆட்டத்தை நிறுத்தத்தான் வேண்டும். எந்த மனத்தோடு நிறுத்துகிறோம், யார் யார் சேர்ந்து நிறுத்துகிறோம் என்பதில்தான் என் கேள்வி இருக்கிறது.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய மலைச்சரிவு எங்களுடையது. இங்கே சமதரை அபூர்வம். கொஞ்சம் தட்டையான நிலம் இருந்தால் அதில் தொழிற்சாலையோ பங்களாவோ, காலையில் தொழிலாளரை நிறுத்திப் பேர் எண்ணும் பெரட்டுக்களமோ இருக்கும். பிள்ளைகள் உதைபந்தாட்டம் ஆடும் இடம் ஒரு முழு மைதானத்தின் பாதிகூடத் தேறாது. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் தேயிலை. பந்து கோட்டைத் தாண்டினால் மலைக்குள் உருண்டு கானில் விழும். எடுக்கப் போனவன் காலில் அட்டையோடு ஏறி வருவான். அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, ரத்தம் வழிய வழியப் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி உள்ளே எறிவான். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மூடுபனியில் எதிர்க் கோல் கம்பம் தெரியாது. பந்து தரையில் அடிபடும் சத்தத்தை வைத்தே கோல் காப்பவன் பாய்வான். சப்பாத்து வைத்திருப்பவன் அரைவாசி ஆட்டம் முடிந்ததும் அதைக் கழற்றி இல்லாதவனுக்குக் கொடுப்பான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் வளரும் பிள்ளைக்குத் தன் உடம்பு தன்னுடையது என்று தெரிய வருவது அந்த இடத்தில்தான். பெரட்டில் எண்ணப்படும் உடம்பு, கூடை சுமக்கும் உடம்பு, தராசுக்கு முன்னால் கிலோக் கணக்குச் சொல்லும் உடம்பு என்றே எங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். எவருக்கும் கணக்கு ஒப்புவிக்காமல் அந்த உடம்பு ஓடித் திரிய மலையகத்தில் வேறு இடம் கிடையாது.

நம் சமயம் விளையாட்டை மிச்ச நேரத்துக்குத் தள்ளியதில்லை. படைப்பதும் காப்பதும் அழிப்பதும் இறைவனுக்கு விளையாட்டு என்றே நம் பெரியவர்கள் கண்டார்கள். மதுரையில் சிவபெருமான் நிகழ்த்தியவை அறுபத்து நான்கு திருவிளையாடல்கள். அவற்றில் தோட்டத்து மக்கள் மறக்காமல் சொல்லும் கதை, பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகைக் கரை உடைந்தபோது வந்தி என்ற கிழவிக்காகக் கூலியாளாக வந்த கடவுள், கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆடினார், பாடினார், தூங்கினார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுந்தது, உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் விழுந்தது. கூடையையும் மண்ணையும் பிரம்பையும் அறிந்த எங்களுக்கு அந்தக் கதையில் இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. கூலியாளின் ஆட்டமும் தெய்வ காரியம். ஓர் உடம்பில் பட்டது எல்லா உடம்பிலும் படும். தொற்று நோய்க் காலத்துக்கு இந்த இரண்டும் சேர்ந்தே தேவை.

1897 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் பேசும்போது, கீதை படிப்பதைவிட உதைபந்தாட்டம் இளைஞர்களைச் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் என்றார். வலுவில்லாத உடம்பும் மனமும் கீதையைத் தாங்காது என்பது அவர் கருத்து. இதைப் பள்ளிக்கூட விழாக்களில் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதற்கு அடுத்த வருடம் அவர் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1898இல் கல்கத்தாவில் பிளேக் பயம் பரவியபோது, மடத்துக்கென்று வாங்கிய பேலூர் நிலத்தை விற்றாவது நோயாளிகளைக் காப்போம் என்றார் அவர். 1899இல் அவருடைய சீடர் சகோதரி நிவேதிதை தெருக்களைச் சுத்தம் செய்யும் பணியில் இறங்கினார். ஆட்டத்தில் சேர்த்த வலு அடுத்தவருக்காகத் தன் பொருளை இழக்கும் வலுவாக மாற வேண்டும் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

அதே 1897இல்தான் இலங்கையில் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்பு பற்றிய கட்டளைச் சட்டமும் பிறந்தது. 2020இல் கொரோனா வந்தபோது அரசாங்கம் கையில் எடுத்தது அந்தப் பழைய சட்டத்தைத்தான். மார்ச் 13ஆம் திகதியிலிருந்து பாடசாலைகள் மூடப்பட்டன, அவற்றோடு பயிற்சியும் போட்டியும் நின்றன. மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தேயிலைத் தோட்ட வேலைக்கு மட்டும் தடையில்லை. மூடிய மைதானத்தைக் கடந்து பெண்கள் காலையில் மலைக்கு ஏறினார்கள்.

அப்போது எங்கள் அணியில் இருந்த ஒரு பையன், இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவில் அதுதான் அவனுக்குக் கடைசி வருடம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“சேர், அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போறாங்க. பெரட்டுல ஒன்னாத்தான் நிக்கிறாங்க. எங்க ஆட்டத்துலதான் நோய் இருக்கா சேர்?”

“ஆட்டத்துல நாம மூச்சு முட்ட ஒருத்தனோட ஒருத்தன் மோதுறோம் தம்பி. அதனாலதான் நிப்பாட்டியிருக்கு.”

“அடுத்த வருசம் எனக்கு வயசு ஏறிரும் சேர். அதுக்கு யாரு பொறுப்பு?”

அவன் கேட்டதில் பிழை எதுவும் இல்லை. வலய மட்டத்தில் வென்று, மாகாண மட்டத்துக்குப் போய், அங்கே ஒருவர் கண்ணில் பட்டால் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு வாசல் திறக்கும். பரீட்சையைத் தள்ளிவைத்தால் வேறொரு நாள் எழுதலாம். வயதெல்லையைத் தாண்டியவனுக்கு அந்தப் பருவம் திரும்ப வராது. அவன் இழந்ததை எந்தப் பேரேட்டிலும் எவரும் எழுதவில்லை.

நோய்க்காக நிறுத்தி வைக்கப்படுவது எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. கடந்த நூற்றாண்டில் கடல் கடந்து வந்த எங்கள் முன்னோர் பலர், இந்த மண்ணை மிதிப்பதற்கு முன் இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காக நாட்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். 1918இல் உலகத்தைச் சுற்றிய இன்புளுவென்சா இலங்கையிலும் இறங்கியது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை இந்தத் தீவு இழந்ததாகக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் உண்டு. சுவர் கூரையைத் தொடாத லயங்களில், ஒரு தொங்கலில் இருமினால் மறு தொங்கலில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் காய்ச்சல்காரனைத் தனியறையில் வை என்று சொன்னால் அவனுக்கு எந்த அறை?

கொரோனா நாட்களில் ஒரு தாய் என்னிடம் கேட்டது இன்னும் கனமான கேள்வி. மகனுக்குக் காய்ச்சல் கண்டு, வீட்டு வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். “போன ஜென்மத்துல என்ன வினை செஞ்சோம் சேர், எங்க வீட்டுக்கு மட்டும் இப்படி?” என்றார். அவருக்கு நான் திருஞானசம்பந்தரைப் பற்றிச் சொன்னேன். கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டில் சம்பந்தர் தங்கியிருந்தபோது, குளிர்காய்ச்சல் அவர் அடியார்களைப் பிடித்தது. எல்லாம் வினைப்பயன் என்று சொல்லிக் கைகட்டி நிற்பதை அவர் ஏற்கவில்லை. வினை என்று சொல்கிறீர்களே, அதிலிருந்து தப்பும் வழியைத் தேடாதது குறையல்லவா என்ற பொருள்படத் திருநீலகண்டப் பதிகம் பாடினார். அடியார்களை மட்டுமின்றி அந்த நாட்டையே விட்டுக் காய்ச்சல் நீங்கியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. வினைக் கொள்கை நான் என் செயலைத் திருத்திக்கொள்வதற்கு. அடுத்தவன் படுக்கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அதை எடுப்பவன் சைவத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறான்.

காய்ச்சல் நேரத்தில் சம்பந்தர் ஏன் நீலகண்டனை அழைத்தார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பாற்கடலில் எழுந்த நஞ்சை இறைவன் உட்கொண்டார். கீழே இறங்கவிடவில்லை, வெளியே உமிழவும் இல்லை. தன் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டார். உலகம் பிழைத்தது. தொற்றுக் காலத்தில் மனிதனுக்குரிய தர்மம் இதைவிடத் தெளிவாக எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் வந்த நோய் என் தொண்டையோடு நிற்கட்டும், அடுத்த வீட்டுக் கிழவிக்குப் போகாதிருக்கட்டும் என்று வாயை மூடிக் காம்பராவில் இருப்பவன் நீலகண்ட வழிபாடு செய்கிறான். காய்ச்சலோடு ஆட்டத்துக்கு வராமல் நிற்கும் பையனும் அதைத்தான் செய்கிறான்.

மாரியம்மனைக் கும்பிடும் எங்களுக்கு இது நடைமுறையில் பழகிய ஒன்று. ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள், கறி சமைக்கமாட்டார்கள், வெளியாள் உள்ளே போகமாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை பாடசாலைக்கு வராது. ஆனால் அந்த வீட்டை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை, ஆத்தா வந்திருக்கிறாள் என்று குரல் தாழ்த்திப் பேசுவார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து படியில் வைப்பார்கள். மோர் வரும், இளநீர் வரும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவரும் அப்படித்தான். தோட்டத்தைவிட்டு வெளியே போகாமல் விரதம் இருப்பார், அவர் குடும்பத்துக்கு ஒரு குறை வந்தால் லயமே தாங்கும். அம்மன் பக்தி தடுப்பூசிக்கு எதிரியும் அல்ல. பெரியம்மையை உலகத்திலிருந்து ஒழித்தது தடுப்பூசிதான் என்பதைக் கோயில் மேடையிலேயே நான் சொல்லியிருக்கிறேன்.

வேப்பிலை செருகிய வாசலும் அறிவித்தல் ஒட்டிய வாசலும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆனால் முதல் வாசலில் ஊர் சேர்ந்து சுமக்கிறது, இரண்டாவது வாசலில் வீட்டுக்காரர் தனியே சுமக்கிறார். விரதத்துக்கும் தண்டனைக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். 2020இல் எங்கள் மைதானத்தின் மேல் விழுந்தது கட்டளை. சுமை பிள்ளைகள் மேல் மட்டும் விழுந்தது, தராசு தன் பாட்டில் ஓடியது. அதனால்தான் அந்தப் பையனால் அதை விரதமாக ஏற்க முடியவில்லை.

சுமையைச் சேர்ந்து சுமப்பதற்கு விளையாட்டு உலகத்திலும் ஒரு சான்று உண்டு. நான் முன்பு சொன்ன இன்புளுவென்சா அலையில், 1918 இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளின் ‘புட்போல்’ பருவமும் குலைந்தது. ஆட்டங்கள் பல கைவிடப்பட்டன. 1919 வசந்தத்தில் ஐஸ் ஹொக்கிக்கான ஸ்டான்லி கிண்ண இறுதித் தொடரில் மொன்றியல் அணியின் வீரர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு அவர்களால் ஆள் சேர்க்க முடியவில்லை. கிண்ணத்தை அப்படியே சியாட்டில் அணிக்குக் கொடுத்துவிடலாம் என்ற நிலை வந்தபோது அந்த அணி வாங்க மறுத்தது. சில நாட்களில் மொன்றியல் வீரர் ஜோ ஹோல் இறந்துபோனார். பின்னாளில் கிண்ணத்தில் இரண்டு அணிகளின் பெயரையும் பொறித்து, தொடர் முடிவடையவில்லை என்று எழுதினார்கள். எதிரே ஆட ஆளில்லாத வெற்றி வெற்றியே ஆகாது என்பதை அந்த அணி அறிந்திருந்தது. மைதானத்தில் எனக்கு எதிரே நிற்பவன் என் ஆட்டத்தின் பாதி. அவன் மூச்சைக் காப்பது என் ஆட்டத்தைக் காப்பது.

ஆகவே நான் கேட்பது இதுதான். இன்னொரு காய்ச்சல் வரும். அப்போது மைதானத்துக்குக் காப்புக் கட்டுவோம், ஆனால் ஊர் முழுவதும் அந்த விரதத்தில் இறங்க வேண்டும். காய்ச்சல் கண்ட தொழிலாளிக்கு அன்றைய பேரைப் போட்டு நாள் சம்பளத்தைக் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் இருமலை விழுங்கிக்கொண்டு மலைக்குத்தான் போவார். பெரட்டையும் நிறுவையையும் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு பருவம் போனால் வயதெல்லையை ஒரு வருடம் கூட்டிக் கொடுக்க வேண்டும். நோய் தணிந்ததும் கூட்டமும் மேடையும் தொடங்குவதற்கு முன் திறந்தவெளி மைதானத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். கோயில் கமிட்டிகள் இதைத் தோட்ட நிர்வாகத்திடமும் கல்வி அதிகாரிகளிடமும் சமயக் கடமையாகவே எடுத்துப் பேச வேண்டும். பிரம்படி எல்லா முதுகிலும் விழும் என்று நம்புகிறவர்கள், பிள்ளைகளின் முதுகில் மட்டும் அதை விழவிடுவது நம் நம்பிக்கைக்கே விரோதம்.